கல்லணையிலிருந்து பூம்புகார் வரை: சைக்கிளும் கூடாரமுமாக நிதானமாகப் போய்வருவது எப்படி

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் மிதிப்பதில்லை. எந்த சைக்கிள், எவ்வளவு மூட்டை, எங்கே படுப்பது, எப்போது சாப்பிடுவது என்று அடுத்து வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த 40-இலிருந்துதான் கிடைக்கும். மூட்டையோடு சமதரையில் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் சாதாரணமாகப் போகலாம். அப்படியானால் ஒரு நாளில் மிதிப்பது மொத்தம் மூன்று மூன்றரை மணி நேரம்தான், மீதி நேரமெல்லாம் உங்களுடையது. டீக்கடை பெஞ்சில் அரை மணி உட்காரலாம், படித்துறையில் குளிக்கலாம், மதியம் கோயில் மண்டபத்தில் ஒரு தூக்கம் போடலாம், சாயங்காலம் 4 மணிக்கே இடம் தேட ஆரம்பித்துவிடலாம். தினம் 80, 100 என்று திட்டம் போட்டவர்கள் ஊர் வந்து சேரும்போது இருட்டியிருக்கும். இருட்டில் யாரிடம் போய் இடம் கேட்பது?

இந்த வேகத்துக்குக் காவிரிக் கரையைப் போலப் பொருத்தமான பாதை தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஏறத்தாழ 130, 140 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து கிளம்பினால் இன்னும் 20 கூடும். மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான் பெரிய ஏற்றம். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை. ஐந்து நாள் ஒதுக்கினால் போதும். இதை மனதில் வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், வேறு பாதையில் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எப்போது போவது

பொங்கல் முடிந்ததிலிருந்து மாசி கடைசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் கூடாரம் போடுவது வீண் வேலை, மழை விட்டாலும் தரை காயாது. பங்குனி பிறந்துவிட்டால் காலை 9 மணிக்கே வெயில் முதுகைப் பிடிக்கும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும், களத்தில் ஆள் இருப்பார்கள், வயல் காய்ந்திருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால் ஜனவரி கடைசிக்குள் போனால் ஆற்றில் தண்ணீர் ஓடுவதையும் பார்க்கலாம். எந்த வருடமும் இந்தத் தேதிகள் மாறலாம், செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும். அந்த வாரத்தில் ஊரில் படுக்க இடம் கிடைப்பது கஷ்டம். கச்சேரி கேட்கவே போகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கும்பகோணத்துக்கு மாசி மகமும் அப்படித்தான். 2028-இல் மகாமகம் வருகிறது, அந்த வருடம் மாசியில் கும்பகோணத்தையே சுற்றிக்கொண்டு போய்விடுவது நல்லது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். தை, மாசியில் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும், நீங்கள் போவதும் கிழக்கே. விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும், 11 மணிக்கு மேல் முகத்தில் அறையும். அதனால் அன்றைய தூரத்தில் முக்கால் பங்கைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஆடியில் போகிறவர்களுக்கு இது தலைகீழ். மேல்காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும், ஆனால் அந்தக் காற்றில் கூடாரம் நிற்காது.

சைக்கிள்

வீட்டில் ஓடுகிற நிலையில் ஒரு சைக்கிள் இருந்தால் அதுவே போதும். டெல்டாவுக்கு கியர் தேவையில்லை. கேரியர் உறுதியாக இருக்க வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், டயரில் விரிசல் இருக்கக்கூடாது. புதிதாக வாங்குவதாக இருந்தால் 35 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் போட்ட ஹைப்ரிட் (தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான சைக்கிள்) பாருங்கள், பின்னால் கேரியர் மாட்ட ஃபிரேமில் திருகு துளை இருக்கிறதா என்பதைக் கடையிலேயே குனிந்து பார்த்துவிடுங்கள். ரேஸ் சைக்கிள் வேண்டாம்.

டியூபின் வால்வு எந்த வகை என்பதைக் கவனியுங்கள். மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் எந்த பஞ்சர் கடையிலும் காற்று அடிப்பார்கள். மெல்லிய, நீண்ட வால்வு என்றால் அதற்கான சின்ன அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சாதாரண சைக்கிள் டியூப் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும், ஹைப்ரிட் சைக்கிளில் வரும் 700சி அளவு டியூபை வழியில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. எப்படியும் மாற்று டியூப் இரண்டு, டயர் நெம்புகோல், ஒட்டு, கைப்பம்பு இவற்றை விடக்கூடாது. ஆற்றங்கரையெல்லாம் சீமைக் கருவேல முள் கிடக்கும். டியூபை மாற்றிவிட்டு உடனே ஓட்டாதீர்கள். டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டி, ஒடிந்த முள்ளின் நுனி உள்ளேயே நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் 2 கிலோமீட்டரில் அதுவும் போகும்.

சீட் உயரம்: சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், ஒரு நாளுக்குத் தெரியாது, மூன்றாம் நாள் முழங்கால் சொல்லும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, முழு மூட்டையையும் கட்டிக்கொண்டு 30 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். காலுக்குப் பயிற்சி என்பதைவிட, எது ஆடுகிறது, எது கழல்கிறது, எந்தப் பை பாதத்தில் இடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

மூட்டை

கூடாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து 12 கிலோவுக்குள் நிறுத்துங்கள். இருவர் படுக்கும் கூடாரம் ஏறத்தாழ 2 கிலோவிலேயே கிடைக்கிறது. வலைக்கதவும், தரையோடு சேர்த்துத் தைத்த அடித்துணியும் இருக்க வேண்டும், இந்த இரண்டிலும் சமரசம் கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். படுக்க ஃபோம் பாய், ஒரு கனமான போர்வை. இரண்டு செட் துணி, ஒரு லுங்கி அல்லது நைட்டி, துண்டு, மழை கோட்டுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தலை விளக்கு, பின்னால் எரியும் சிவப்பு விளக்கு, பவர் பேங்க். ஓஆர்எஸ் பொடி நாலைந்து பாக்கெட், காயத்துக்கு மருந்து, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை. 2, 3 லிட்டர் தண்ணீர். ஆதார் அட்டை. கொஞ்சம் சில்லறை.

அடுப்பு வேண்டாம். இந்தப் பாதையில் சமைத்துச் சாப்பிடத் தேவையே இல்லை. அதோடு நீங்கள் போகிற மாதத்தில் சுற்றிலும் காய்ந்த வைக்கோல். ஒரு பொறி போதும், ஒரு குடும்பத்தின் மாட்டுத் தீவனம் முழுக்கப் போய்விடும். அதே காரணத்துக்காக நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காரும் ஆசையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதுகில் பை மாட்டாதீர்கள். பாரமெல்லாம் பின் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகளில், கனமானது அடியில் வருமாறு. இதற்கென்று விற்கும் பைகள் விலை அதிகம், துணியைப் பாலிதீன் உறைக்குள் சுருட்டிப் போட்டு, இரண்டு உறுதியான ரெக்சின் பைகளில் வைத்துக் கட்டினாலும் வேலை நடக்கும். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி எடுங்கள், பால்காரர்கள் கேன் கட்டும் அதே ரப்பர்தான், கயிறு தளரும், இது தளராது. கட்டி முடித்ததும் சைக்கிளைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். சத்தம் வரும் இடத்தை இன்னொரு சுற்று இறுக்குங்கள்.

பாதை

முதல் நாள் திருச்சியிலிருந்து திருக்காட்டுப்பள்ளி. தஞ்சாவூர் நெடுஞ்சாலை பக்கமே போகாமல் திருவானைக்காவலில் கிழக்கே திரும்பி, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் போங்கள். இரண்டு பக்கமும் வாழைத் தோப்பு, காலையில் வெயிலே படாது. கல்லணையில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். கரிகாலன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிற அணை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் காலத்தில் பலப்படுத்தப்பட்டது. காவிரி, வெண்ணாறு, புதாறு என்று தண்ணீர் பிரிந்து போவதை அங்கேதான் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியும். பார்ப்பதோடு சரி, இறங்கக்கூடாது. மதகுக்குக் கீழே சுழல் உண்டு, உயிர்ப் பலி நடந்த இடம். அங்கிருந்து கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி.

இரண்டாம் நாள் நடுக்காவேரி, கண்டியூர், திருவையாறு. மதியத்துக்குள் திருவையாறு வந்துவிடலாம். அசோகா அல்வாவைச் சூடாக, இலைத் துண்டில் வாங்கிச் சாப்பிடுங்கள், பாசிப்பருப்பில் செய்வது, மிதித்து வந்த உடம்புக்கு அப்படி இறங்கும். வெயில் தாழ்ந்ததும் வடகரையிலேயே கும்பகோணம் சாலையில் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் பக்கம் போய்த் தங்கலாம். இந்தப் பயணத்தின் மிக அழகான பகுதி என்று நான் நினைப்பது இதைத்தான். ஆறு வலது கைப்பக்கம் கூடவே வரும், சில இடத்தில் மரத்துக்கு அப்பால் மறைந்துவிட்டு மறுபடி எட்டிப் பார்க்கும்.

மூன்றாம் நாள் சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம். தாராசுரம் கோயிலுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள், பல சிற்பங்கள் விரல் நீளம்தான், வேகமாகச் சுற்றினால் ஒன்றும் தெரியாது. கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை போகும் பெரிய சாலையில் பஸ் அதிகம், அதை விட்டுவிட்டு வடகரைக்குப் போய் சூரியனார்கோயில், கஞ்சனூர் பக்கம் தங்குங்கள். நான்காம் நாள் கதிராமங்கலம் வந்து, குத்தாலம் பக்கம் ஆற்றைக் கடந்து மயிலாடுதுறை. இது சின்ன தூரம், துணி துவைக்க, லாட்ஜில் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்க இந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் பூம்புகார். மேலையூரில் கடைசிக் கதவணை இருக்கிறது, தவறவிடாதீர்கள். கல்லணையில் அத்தனை அகலமாகப் பார்த்த ஆறு இங்கே ஒரு வாய்க்கால் அளவுதான். வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வந்தது என்பதை நான்கு நாள் கூடவே வந்த உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வரைபடத்தை போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கரை ரோட்டைப் பற்றி அது சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நடுவில் உடைந்திருக்கும், வேலை நடக்கும். எதிரே வருகிற பால்காரரிடம் "இந்தக் கரை மேலேயே போனா அடுத்த பாலம் வருமாண்ணே?" என்று கேட்டால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும். இரண்டு பேரிடம் கேளுங்கள்.

சாலையில்

அறுவடை மாதத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அதன்மேல் ஏற்றாதீர்கள். அடுத்தவர் உழைப்பு என்பது ஒரு பக்கம், நெல்மணி மேல் பிரேக் பிடித்தால் டயர் நிற்காது, சைக்கிள் பக்கவாட்டில் சறுக்கிவிடும். எதிரே வண்டி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சாலையில் பரப்பிய வைக்கோலும் அப்படியே, செயினிலும் பின் சக்கரத்திலும் சுற்றிக்கொண்டால் அறுத்து எடுக்க அரை மணி ஆகும். பின்னால் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் உரிமை பார்க்காமல் மண்ணில் இறங்கிவிடுங்கள். மறுபடி தார் மேல் ஏறும்போது விளிம்பில் உரசிக்கொண்டே ஏறாமல், சற்றுத் திருப்பி நேர்குத்தாக ஏறுங்கள், இல்லாவிட்டால் முன்சக்கரம் வழுக்கும். தையில் விடிகாலைப் பனி மூட்டம் இருக்கும், 6.30-க்கு நன்றாக வெளுத்த பிறகே சக்கரத்தை உருட்டுங்கள்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாமல் நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பெரும்பாலும் அதோடு அதற்கு ஆர்வம் போய்விடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி. பயணத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக்கூடாது.

இடம் கேட்பது

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் சரியாகக் கேட்டால் டெல்டாவில் இடம் கிடைக்காமல் போவது அபூர்வம். 4 மணிக்கு ஊருக்குள் போய், கூட்டம் இருக்கும் டீக்கடையாகப் பார்த்து நிறுத்துங்கள். டீ குடியுங்கள். எங்கேருந்து வர்றீங்க என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். அப்புறம் கேளுங்கள்: "ஐயா, திருச்சிலேருந்து சைக்கிள்ல பூம்புகார் போறோம். ராத்திரி மட்டும் ஒரு கூடாரம் போட்டுப் படுக்கணும், விடிஞ்சதும் கிளம்பிடுவோம். யாரு தோப்புல கேட்கலாம்?" இதில் மூன்று விஷயம் இருக்கிறது: எங்கிருந்து எங்கே, எத்தனை நேரம், யாரைக் கேட்க வேண்டும். தோப்பு யாருடையது என்று தெரியாமல் "இங்கே படுத்துக்கலாமா" என்று கேட்டால் டீக்கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது.

அநேகமாக யாராவது ஒருவர் எழுந்து உங்களோடு வருவார். இடத்துக்காரர் முதலில் கேட்பது "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்பதாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம் என்று சொல்லுங்கள், அப்படியும் வற்புறுத்தினால் மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் காட்டும் இடத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். "களத்துல வேணாம் தம்பி, ராத்திரி மிஷின் வரும், மோட்டார் கொட்டகை பக்கத்துல போட்டுக்குங்க" என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. பணம் கொடுக்கப் போனால் சங்கடப்படுவார்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் காலையில் பழமோ பிஸ்கட்டோ வாங்கிக் கொடுங்கள். போன் எண், ஆதார் கேட்டால் காட்டுங்கள், முன்பின் தெரியாதவரைத் தன் இடத்தில் படுக்க விடுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. பள்ளிக்கூட மைதானம் என்றால் ஊராட்சித் தலைவரிடமும் தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் மட்டும் போகும்போது தனித் தோப்பைவிட வீட்டு வாசலும் கொல்லையும்தான் நல்லது. வீட்டுப் பெண்களிடமே நேராகக் கேளுங்கள், "அக்கா, உங்க கொல்லையில கூடாரம் போட்டுக்கவா" என்று. இடம் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் யோசிக்க வேண்டாம், அடுத்த கோயில் ஊருக்குப் போய் அறை எடுங்கள். கும்பகோணத்தைச் சுற்றி எங்கே இருந்தாலும் 10, 15 கிலோமீட்டருக்குள் ஒரு லாட்ஜ் கிடைத்துவிடும்.

கூடாரம் போடக்கூடாத இடங்கள்: ஆற்று மணல், படுகை. மேலே தண்ணீர் திறந்தால் ராத்திரியில் உங்களுக்குச் சொல்ல ஆள் வராது. தென்னை மரத்தடி, காய் விழும், மட்டையும் விழும். தோப்பில் தென்னை வரிசைகளுக்கு நடுவே வெட்டவெளியாகப் பாருங்கள். வைக்கோல் போர் பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். பூம்புகார் கடற்கரையிலும் போடாதீர்கள், அங்கே அறை எடுப்பதுதான் முறை.

பாம்பு பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன் மூன்றும் டெல்டாவில் உண்டு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிப்பது கட்டு விரியன்தான், கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது என்பதால் பூச்சி கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். அதனால்தான் அடித்துணி தைத்த கூடாரம் வேண்டும் என்றேன். உள்ளே போனதும் ஜிப்பை முழுக்க இழுத்து மூடுங்கள், இரண்டு விரல் சந்துகூட வேண்டாம். செருப்பு, ஷூ உள்ளேயே இருக்கட்டும். ராத்திரி வெளியே போனால் விளக்கோடு, தரையைப் பார்த்து நடந்து. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போவது மட்டும்தான் வழி. படுக்கும் முன்பே அருகில் பெரிய ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்று இடத்துக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, கூடாரத்தில் படுத்தால் அதன் அர்த்தம் புரியும். விடியும்போது மேல்துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஈரத்தோடு சுருட்டி வையுங்கள், பரவாயில்லை, ஆனால் காலை டிபனுக்கு நிறுத்தும் இடத்தில் விரித்துக் காயப்போட மறக்காதீர்கள். கிளம்பும் முன் படுத்த இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து ஒரு பிளாஸ்டிக் துண்டுகூட இல்லாமல் பொறுக்கிவிடுங்கள், மாடு மேயும் இடம் அது. காலைக்கடனுக்கு முடிந்தவரை இடத்துக்காரர் வீட்டிலோ ஊரில் கட்டணக் கழிப்பறையிலோ கேட்டுப் போங்கள். வேறு வழியே இல்லை என்றால் வாய்க்காலிலிருந்து நன்றாகத் தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். குளிக்க, ஊர்க்காரர்கள் இறங்கும் படித்துறையில் மட்டும். பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தால் கேட்டுவிட்டு அதில் குளிப்பது இன்னும் சுகம்.

திரும்புவது

பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறைக்கே மிதித்து வந்து ரயில் பிடிக்கலாம், சீர்காழியும் பக்கம்தான். சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற விடமாட்டார்கள், பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில் (ரயிலோடு வரும் சரக்குப் பெட்டி) அனுப்ப வேண்டும். அதனால் வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் இருங்கள். மயிலாடுதுறை ஜங்ஷனில் ஏற்றுவது மேல், சின்ன ஸ்டேஷனில் ரயில் இரண்டு நிமிடம்கூட நிற்காது. பைகள், பம்பு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், போன் எண், இறங்கும் ஊர் மூன்றையும் அட்டையில் எழுதி ஃபிரேமில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். பெடலைத் திருப்பி உள்பக்கம் கட்டி, ஹேண்டிலையும் பின் கியரையும் பழைய சாக்கால் சுற்றிவிட்டால் மற்ற மூட்டைகள் மேலே விழுந்தாலும் தாங்கும். சைக்கிள் சில சமயம் அடுத்த வண்டியில்தான் வரும், ரசீதை பத்திரமாக வைத்திருங்கள், அதைக் காட்டினால்தான் கொடுப்பார்கள்.